மார்கழியில் போடாத சுவிச்

என் கணவர் மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார். அது பீடை மாதமாம். மற்றப் பதினொரு மாதங்களிலும் நாள் பார்த்து, நேரம் பார்த்துத் தொடங்கி அவர் நட்டத்தில் முடித்த காரியங்களை எழுதப் புறப்பட்டால் கடதாசி காணாது. ஆகையால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் ஏறியதும், அதற்காக அரசாங்கத்து வரிக் கந்தோர் என்னைக் கூப்பிட்டதும்தான் அந்தக் கதை.

கூப்பிட்டது என்னைத்தான், அவரை அல்ல. வீட்டில் தகடு போடுகிறவர்களுக்கு அந்த நேரம் ஒரு வரிச்சலுகை இருந்தது. எங்கள் வீட்டில் வரி கட்டுகிற அளவுக்கு உழைக்கிறவள் நான் ஒருத்தி. அவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கோயில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம், வட்ஸ்அப் என்று இப்போது முன்னையைவிடக் கூடுதலாக உழைக்கிறார், சம்பளம் மட்டும் இல்லை. ஆகவே சலுகை என் பெயரில். கையெழுத்தும் என்னுடையது. யோசனை மட்டும் முழுக்க அவருடையது.

யோசனை என்று சொல்வதும் பிழை, எரிச்சல் என்று சொல்ல வேண்டும். பக்கத்து நகரமான யூனியன்வில்லில் இருக்கிற அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் தன் கூரையில் தகடு போட்டுவிட்டு, அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துச் சங்கத்துக் குழுவில் போட்டார். அன்றிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் பேசத் தொடங்கினார். அதுவரை பேஸ்மென்ற் லைற்றைக்கூட அணைக்காத மனிதர்.

எங்கள் வரிக் கணக்கை ஒரு அண்ணைதான் வருஷா வருஷம் செய்து வந்தார். அஜின்கோர்ட்டில் ஒரு சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் அவருக்கு ஓர் அறை. வரிக் காலம் வந்தால் அந்த அறை வாசலில் சனம் அன்னதானத்துக்கு நிற்பதுபோல நிற்கும். சட்டத்தை அவர் எங்கே படித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் நம்மிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "போன முறை எவ்வளவு திரும்பி வந்தது?" அதைவிடக் கொஞ்சம் கூட்டி வரப்பண்ணித் தருவார். அதனால் அவருக்கு எங்கள் சனத்திடம் பெரிய மதிப்பு.

அவர்தான் சொன்னார். "டிசெம்பர் முடியிறதுக்கிடையில போட்டால் சலுகை. தை பிறந்தால் ஒண்டும் இல்லை. இந்த வருஷத்தோட நிப்பாட்டுறாங்கள்."

போட்டோம். கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தம்பிதான் வேலையை எடுத்தார். கிறிஸ்மஸுக்கு முன்னமே தகடுகளைப் பூட்டி, வயர் இழுத்து, மின்சாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டி, அவரும் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு தம்பி கராஜில் நின்றுகொண்டு, "அண்ணை, எல்லாம் ரெடி. சுவிச்சைப் போடவா?" என்று கேட்டார்.

"இப்ப வேண்டாம் தம்பி. மார்கழி. தை பிறக்கட்டும்."

"உங்கட விருப்பம் அண்ணை. இண்டைக்கு நல்ல வெயிலா இருக்கு, அதுதான் கேட்டன்."

நான் சமையலறைக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இஞ்சேருங்கோ, டிசெம்பருக்குள்ள முடிக்கோணும் எண்டுதானே சொன்னவை. உந்தச் சுவிச்சைப் போட்டால் என்ன?" என்றேன்.

"உமக்கு உதுகள் விளங்காது. பீடை மாசத்தில தொடங்கினால் வீட்டுக்குக் கூடாது."

வீட்டுக்குக் கூடாததெல்லாம் மார்கழியில்தான் வருமென்றால் எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதை அந்தத் தம்பிக்கு முன்னால் சொல்லாமல் விட்டேன்.

தைப்பொங்கலன்று திறப்பு விழா வைத்தார். சூரியனுக்குப் பொங்குகிற நாளில் சூரிய மின்சாரம் தொடங்குவதைவிடப் பொருத்தம் வேறு என்ன என்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னார். கராஜ் கதவைத் திறந்து வைத்து, காஸ் அடுப்பில் பானை ஏற்றினோம். குளிரில் பால் பொங்கவே நேரம் எடுத்தது. வந்தவர்கள் ஜக்கற்றுக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு கால் மாற்றி நின்றார்கள். முதல் நாள் கொட்டிய பனி கூரையை முழுக்க மூடியிருந்தது. தகடு எங்கே, ஓடு எங்கே என்று தெரியவில்லை. சூரியனும் அன்றைக்கு வரவில்லை.

பிரதம விருந்தினர் யார் என்று நினைக்கிறீர்கள்? வரிக்கணக்கு அண்ணைதான். அவர் குத்துவிளக்கு ஏற்றி, எல்லோரும் கை தட்ட, தன் கையாலேயே சுவிச்சைப் போட்டார். மீற்றர் அசையவில்லை. பனிக்குக் கீழே கிடக்கிற தகட்டிலிருந்து என்ன வரும், பானையில் பொங்குகிற புக்கை வருமா? என் கணவர் அதையெல்லாம் வீடியோ எடுத்து, "தைத்திருநாளில் எமது இல்லத்தில் சூரிய சக்தி ஆரம்பம்" என்று எழுதிப் பேஸ்புக்கில் போட்டார். யூனியன்வில் சிநேகிதர் ஒரு கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். இவருக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

வரிக் காலம் வந்தது. அதே அண்ணை, அதே கை, சலுகையை முந்தின வருஷக் கணக்கில் எழுதியது.

"அண்ணை, நீங்கள்தானே தையில சுவிச்சைப் போட்டனீங்கள்?" என்றேன்.

"தங்கச்சி, அது பொங்கலுக்குப் போட்டது. கணக்குக்குப் போடுறது வேற" என்றார் அவர், கொம்பியூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படிவத்தில் திகதி கேட்கவில்லை, வருஷம் மட்டும்தான் கேட்டிருந்தது. வேலையெல்லாம் அந்த வருஷத்தில்தானே முடிந்தது என்று நானும் கையெழுத்துப் போட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று நானே தேடி வாசித்திருக்கலாம். அந்த அறைக்குள் போகிறவர்கள் ஒருவரும் எதையும் வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை.

அடுத்த வருஷம் கடிதம் வந்தது. ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், பரிசோதகரின் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டு நேரில் வந்து, தகடுகள் தொடங்கிய விபரத்தை விளக்கும்படி கேட்டிருந்தார்கள். அதை வாசித்தபோது எனக்குப் பயம் வந்தது. காசுக்காக அல்ல. காசைத் திருப்பிக் கட்டிவிடலாம்.

நான் மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணைகளில் தமிழுக்கும் இங்கிலிஷுக்கும் நடுவில் இருக்கிறவள். அந்த அறையில் எனக்கென்று ஒரு சொல் கிடையாது. ஒருவர் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அவரே பேசுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது உண்மையென்றாலும் அப்படித்தான், பொய்யென்றாலும் அப்படித்தான். திகதி ஒன்று முன்பின் ஆனதற்காக ஒரு மனிதனின் முழுக் கதையையும் நம்பாமல் விட்டதை என் வாயாலேயே அவனுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அதனால் திகதி என்றாலே எனக்குப் பயம். அந்த வேலைக்கு அரசாங்கம் தருகிற பாதுகாப்புச் சான்றையும் அந்த நேரம் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவள் என்று எங்காவது ஓர் இடத்தில் பதிந்துவிட்டால் அந்த அறைக்குள் என்னை மறுபடி விடமாட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை எனக்கு வேறு இல்லை.

வரிக்கணக்கு அண்ணை அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் வந்தது அதுதான் முதல் தடவை. வடையையும் தேத்தண்ணியையும் முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. டிசெம்பர் இருபத்தெட்டில சுவிச்சைப் போட்டது எண்டு சொல்லுங்கோ. ஆர் வந்து பாத்தது?"

"ஊர் முழுக்க வந்து பாத்தது அண்ணை. பேஸ்புக்கில வீடியோ கிடக்கு. அதில நீங்கள்தான் கதாநாயகன்" என்றேன்.

"எடுத்திட்டன்" என்றார் என் கணவர். கடிதம் வந்த அரை மணித்தியாலத்தில் வீடியோவை அழித்துவிட்டாராம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் கராஜில் சனத்தைக் கூட்டிச் சாட்சிக்கு வைத்துவிட்டு, ஆறுதலாக இருந்து பொய்யைத் தேடுகிறார்கள்.

"நான் உண்மையைத்தான் சொல்லப் போறன்" என்றேன்.

அண்ணையின் முகம் மாறியது. "தங்கச்சி, யோசிச்சுக் கதையுங்கோ. நீங்கள் அப்பிடிச் சொன்னால் அவங்கள் என்ர மற்றப் பைல் எல்லாத்தையும் தோண்டுவாங்கள். எத்தினை குடும்பம் எண்டு யோசியுங்கோ. உங்கட சனம் எல்லே."

சனமாம். கணக்கில் கள்ளம் செய்கிற நேரம் அது அவருடைய கெட்டித்தனம், பிடிபடுகிற நேரம் அது எங்கள் சனத்தின் பிரச்சினை. எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினேன். அவர் போன பிறகு என் கணவரிடம் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"என்ர சான்று புதுப்பிக்கக் குடுத்திருக்கு. பொய் சொல்லிப் பிடிபட்டால் என்ர வேலை போகும். விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது. ஒண்டும் நடக்காது. நானும் வாறன். நீர் வாயைத் திறக்காமல் இரும், நான் கதைக்கிறன்."

கடிதத்தின் அடியில் இருந்த பெயர் தமிழ்ப் பெயர் என்பதைக் கண்டதும் வீட்டில் ஒரு புது ஆராய்ச்சி தொடங்கியது. "எங்கட பிள்ளை" என்று என் கணவர் முகம் மலர்ந்தார். கடைசிப் பெயராக இருந்த அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயரைச் சங்கத்துக் குழுவில் போட்டு, இவர் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்தார். உடனே பதில்கள் வந்தன. ஒருவர் அவர் தன்னோடு படித்தவர் என்றார். இன்னொருவர் அந்த மனிதர் எண்பதுகளிலேயே இறந்துவிட்டார் என்றார். வேறொருவர் தங்கள் பக்கத்து வளவு என்று வேலி எல்லை வரைக்கும் சொன்னார். கூரையில் தகடு எப்போது ஓடத் தொடங்கியது என்று நேராகச் சொல்லத் துணிவில்லாத மனிதர், ஒரு பெட்டைப்பிள்ளையின் பரம்பரையை மூன்று தலைமுறைக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்.

போன அன்று அவர் கோட்டும் சூட்டும் போட்டு, நெற்றியில் மெல்லிய விபூதிக் கோடும் வைத்துக்கொண்டார். கந்தோரில் எங்களைக் கூட்டிப் போன பிள்ளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என் கணவர் இருந்த உடனேயே தொடங்கினார்.

"பிள்ளை எந்த இடம்?"

"ஸ்காபரோ."

"அதில்லைப் பிள்ளை. அப்பா எந்த இடம்?"

"அப்பாவும் ஸ்காபரோதான், அங்கிள்" என்றாள் அவள், பைலைத் திறந்தபடி.

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கத்துக் குழு முழுக்க ஒரு கிழமையாகத் தேடிய ஊர் நாங்கள் கார் விட்ட ஸ்காபரோவிலேயே இருந்திருக்கிறது.

அவள் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து இங்கிலிஷில், தகடுகள் தொடங்கிய விபரத்தைச் சொல்லுங்கள் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் குறுக்கே விழுந்தார். முப்பது வருஷம் ஃபோர்மனோடு இங்கிலிஷில் சண்டை பிடித்த மனிதர், அன்றைக்கென்று தமிழ்ப் பற்றாளர் ஆகிவிட்டார்.

"பிள்ளை, டிசெம்பர் இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் நானே என்ர கையால சுவிச்சைப் போட்டனான். நல்ல வெயில். போட்ட உடன மீற்றர் ஓடத் தொடங்கீட்டுது. என்ர மனுசி சாட்சி."

அந்தப் பிள்ளை புருவத்தைச் சுருக்கினாள். "சொறி அங்கிள், என்ட தமிழ் அவ்வளவு குட் இல்லை" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் மொழிபெயர்ப்பாளர் என்பது அவள் முன்னால் இருந்த கணக்கிலேயே இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். எல்லாம் தன் திட்டப்படி நடக்கிறது என்கிற ஆட்டு. மனுசி சாட்சியாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்ட பொய்யைச் சொல்லி, அதற்கு என்னையே சாட்சியாகவும் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தேன். டிசெம்பர் இருபத்தெட்டு, பின்னேரம், என் கையால், நல்ல வெயில், மீற்றர், என் மனைவி சாட்சி. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. என் கணவர் சந்தோஷமாகக் கதிரையில் சாய்ந்தார்.

"அது அவர் சொன்னது. மொழிபெயர்ப்பு முடிந்தது. இனி வரி கட்டுகிறவள் பேசுகிறேன்" என்று அந்தப் பிள்ளைக்கு இங்கிலிஷில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்மஸுக்கு முன்னமே வேலை முடிந்ததை, மார்கழி என்று இவர் மறித்ததை, தைப்பொங்கலன்று கராஜில் பானை வைத்ததை, கூரையில் பனி கிடந்ததை, வீடியோ எடுத்ததை, அதை அழித்ததை. மேசைக்குக் கீழே அவருடைய சப்பாத்து என் காலை மிதித்தது. நான் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்து சொன்னேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு கொம்பியூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எங்கள் கூரையிலிருந்து மின்சாரக் கம்பனிக்கு முதல் மின்சாரம் போய்ச் சேர்ந்த நாள் அதில் இருந்தது. பொங்கல் கழிந்து, பனி உருகிய பிறகு வந்த ஒரு நாள். நாங்கள் வரும் முன்னமே அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"சுவிச்சை எப்போது போட்டீர்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை" என்றாள். "டிசெம்பருக்குள் பாவிக்கத் தயாராக இருந்ததா என்பதுதான் கேள்வி. பரிசோதகர் டிசெம்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது போதும். உங்கள் சலுகை சரி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பொய் தேவையே இல்லை. மார்கழி போகட்டும், ஆனி வரைக்கும் சுவிச்சைப் போடாமல் பார்த்துக்கொண்டு இருந்திருந்தாலும் சலுகை சலுகைதான். கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஊருக்கே கணக்குச் செய்கிற அந்த அண்ணை இந்த ஒரு வரியை வாசித்திருக்கவில்லை. வாசிக்காத விதிக்குப் பயந்து, நடக்காத குற்றத்தை மறைக்க, என்னை உண்மையான குற்றவாளி ஆக்கப் பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளை பேனையை எடுத்தாள். "வரி கட்டுகிறவர் நீங்கள். அதனால் உங்கள் பதிலைத்தான் எழுதுகிறேன். நீங்களும் அங்கிள் சொன்னதையே சொல்லியிருந்தால், பொய்யான விளக்கம் தந்ததாக உங்கள் பெயரில் எழுத வேண்டி வந்திருக்கும்." அதைச் சொல்லும்போது அவள் என் கணவரைப் பார்க்கவில்லை.

காரை நான்தான் ஓட்டினேன். முதலாவது சிக்னல் தாண்டுவதற்குள் அவர் வரிக்கணக்கு அண்ணைக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, வெண்டாச்சு. தமிழில கதைச்ச உடன பிள்ளை இளகீட்டுது."

"நான் சொன்னனான்தானே, எங்கட பிள்ளை விடாது எண்டு" என்றது போன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணை இன்னொரு குடும்பத்துக்கும் இதே மாதிரிக் கடிதம் வந்திருப்பதாகவும், என் கணவர் அவர்களோடும் ஒருமுறை போய்க் கதைத்தால் நல்லது என்றும் சொன்னார். இவர் பார்ப்போம் என்று பெரிய மனுசத் தோரணையில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நான் காரை ஒரு பஸ் தரிப்பைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"அந்தப் பிள்ளை கடைசியாச் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ? என்ர பேரில பொய் எண்டு எழுதியிருப்பாள். என்ர வேலை போயிருக்கும். நான் முதலே சொன்னனான்."

"எனக்கு அது தெரியாதெண்டோ நினைச்சீர்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சீற்றைப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்து ரையைத் தளர்த்திக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார். "நானும் அதை யோசிச்சனான். போனால் போகட்டும் எண்டுதான் நினைச்சன். உமக்கும் அறுபதாகுது. வீட்டில இருந்திருக்கலாம்தானே."

அவர் யோசிக்காமல் விசர்த்தனமாகச் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் அதுவரை எரிந்துகொண்டிருந்தேன். விசர்த்தனம் என்றால் ஏசிவிட்டு விடலாம். முப்பத்தைந்து வருஷமாக அதைத்தானே செய்கிறேன். இது யோசித்துச் செய்தது. என் வேலையை எடுத்து, நிறுத்துப் பார்த்து, அண்ணையின் மரியாதையைவிட அது பாரம் குறைவு என்று அவர் முடிவு செய்திருக்கிறார். செய்துவிட்டு நெற்றியில் விபூதியும் பூசிக்கொண்டு என்னோடு வந்திருக்கிறார்.

"இறங்குங்கோ" என்றேன்.

"ஏன், வீட்டை போகேல்லையோ?"

"நீங்கள் போங்கோ. பஸ் வரும். எனக்குப் பின்னேரம் விசாரணை இருக்கு, வேலைக்குப் போகோணும்."

அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, கோட்டை இழுத்துவிட்டு இறங்கினார். நான் வேலைக்குப் போனேன்.